கடிதத்தின் இரண்டாம் பக்கம்

பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் பிரெஞ்சுக் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலக் கடிதம் என்றால் தமிழ்நாட்டுக்காரனைத் தேடுவார்கள். அப்படித்தான் 2017ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை மாலை, பாதி முடி வெட்டிய தலையோடு நான் ஓர் அமெரிக்க அரசுக் கடிதத்தைப் படிக்க நேர்ந்தது.

முடிவெட்டுபவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய தங்கை கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஹூஸ்டனில் இருந்தார். அந்த ஆண்டுப் புயல்மழையில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. வெளியே கொண்டுவந்து விட்டவர் அடுத்த தெருக்காரர், தன் மீன்பிடிப் படகில். மத்திய அரசின் பேரிடர் உதவி முகமை அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் தொலைபேசியில் ஒரு பதிவு எண், பிறகு கழுத்தில் அட்டை தொங்க ஈரச் சுவர்களைப் படமெடுத்துப் போன ஓர் ஆய்வாளர், கடைசியில் இந்தக் கடிதம்.

குடும்பம் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தது. கிறிஸ்துமஸுக்குள் அதைக் காலி செய்ய வேண்டும். முகமை வாடகைக்கு உதவினால் அதே பகுதியில் வீடு பார்க்கலாம். இல்லையென்றால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கனடாவில் மாமியார் வீட்டுக்குப் போவதாக இருந்தார்கள்.

என் கைகள் போர்வைத் துணிக்குள் இருந்தன. அவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். முதல் பத்தியிலேயே தகுதி இல்லை என்று இருந்தது. சென்னையில் பதினோரு வருடம் நாளிதழில் செய்தி திருத்தியவன் நான். முக்கியமானது முதல் பத்தியில் இருக்கும் என்று பழகிய கண்.

"மறுத்துட்டாங்க அண்ணே" என்றேன்.

தங்கையும் அவ்வளவுதான் படித்திருந்தார். கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்த இன்னொரு கைப்பேசியில் அவர் குரல் கேட்டது. அங்கே காலை பத்து மணி.

"நான் சொன்னனான்தானே அண்ணை. இல்லையெண்டு எழுதிப்போட்டாங்கள். இவர் டிக்கெட் பாக்கிறார்."

"டிக்கெட்டை விடு. கடதாசி எத்தினை பக்கம்?"

"மூண்டோ நாலோ. இல்லையெண்டாப் பிறகு மற்றதை ஏன் பாக்கிறது?"

முடிவெட்டுபவர் சிரித்துக்கொண்டு கத்தரியைக் கீழே வைத்தார். "உனக்குக் கலியாணத்தோடை விசா வந்தது. நீ ஒருநாளும் ரெஜே வாங்கேல்லை."

ரெஜே என்பது அகதி விண்ணப்பத்தை மறுத்து வரும் பதில். அதை எதிர்த்துப் போடும் மேல்முறையீடு ரெக்கூர். இந்தப் பகுதியில் முதல் சொல்லைக் கேட்டால் அடுத்த மூச்சில் இரண்டாவதும் வரும். அவர் இரண்டு ரெஜே வாங்கிய பிறகு கார்த், அதாவது வதிவிட அட்டை, பெற்றவர்.

"ரெண்டாம் பக்கத்தைப் பாருங்கோ தம்பி" என்றார் என்னிடம். "ஏன் இல்லையெண்டதும், எத்தினை நாளுக்குள்ளை திருப்பி எழுதலாம் எண்டதும் அங்கைதான் கிடக்கும்."

பின்னால் முறைக்குக் காத்திருந்தவர் பொறுமை இழந்தார். "அண்ணை, முதல்ல அவரின்ரை தலையிலை மற்றப் பக்கத்தை வெட்டி விடுங்கோ. அமெரிக்கா ஓடிப்போகாது."

இரண்டாம் பக்கத்தில் அவர் சொன்ன இரண்டும் இருந்தன. விண்ணப்பதாரரின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை. அறுபது நாட்களுக்குள் ஆவணங்களோடு மேல்முறையீடு செய்யலாம். முகமை கேட்டது ஒரு சான்று. நான் அதை முடிவு என்று வாசித்திருந்தேன்.

விசாரித்ததில் காரணம் தெரிந்தது. தங்கையின் பழைய பாஸ்போர்ட்டில் பின்பெயர் தகப்பனுடையது. ஓட்டுநர் உரிமத்திலும் மின்கட்டண ரசீதிலும் கணவருடையது. வெள்ளத்தில் ஒதுங்கியிருந்த மண்டபத்தில், நனைந்த உடுப்போடு தொலைபேசியில் பதிவு செய்தபோது வாயில் வந்தது தகப்பன் பெயர்.

"இஞ்சை எனக்கும் உதுதானே" என்றார் அண்ணன். "தபால்காரன் மெசியே எண்டு அப்பாவின்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறான். நான் போய்க் கையெழுத்து வைக்கிறன்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. இனி எழுதி என்ன நடக்கப்போகுது?"

"நடக்காட்டி இன்னொருக்கா எழுதுறது."

தலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து மேல்முறையீட்டை எழுதினேன். வெள்ளத்தை விவரித்து ஒரு பத்தி தொடங்கினேன். இன்னொருவர் தலையில் கத்தரியை ஓட்டிக்கொண்டே அவர் நிறுத்தினார். "தண்ணி வந்தது அவங்களுக்குத் தெரியும். ரெண்டு பேரிலையும் இருக்கிறது ஒரே ஆள்தான் எண்டதை மட்டும் எழுதுங்கோ." நான்கு வரியில் முடிந்தது. இணைப்பாகத் திருமணச் சான்றிதழ், உரிமம், மின் ரசீது, பாஸ்போர்ட். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்றார், பக்கங்கள் பிரிந்து தொலைந்த அனுபவத்தில். தங்கை திங்கட்கிழமை அனுப்பினார்.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் யோசித்தேன். சென்னையில் வெள்ளச் செய்திகளுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த படங்களில் படகும் ஹெலிகாப்டரும் உணவுப் பொட்டலமும் இருக்கும். அரசின் வேலை அதுதான் என்று நானும் நம்பியிருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு, வீடு வீடாக, நீங்கள் யார், இங்கேதான் வாழ்ந்தீர்களா என்று கேட்கும் வேலையை யாரும் படமெடுப்பதில்லை. எல்லாவற்றையும் இழந்தவரிடம் கேட்க அது கொடுமையான கேள்வி. ஆனால் கேட்காமல் உதவியை யாருக்கு அனுப்புவது? முடிவெட்டுபவருக்கு அந்தக் கேள்வியின் மேல் கோபமே இருக்கவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

டிசம்பரில் மறுபடி முடிவெட்டப் போனபோது அடுத்த பதில் வந்திருந்தது. இம்முறை அவர் கைப்பேசியை நீட்டியபோது திரையில் நேராக இரண்டாம் பக்கம். வாடகைக்கு உதவி உண்டு. வீட்டைத் திருத்துவதற்குத் தகுதி இல்லை.

"அப்போ கனடா?"

"கனடா இல்லை. வாடகை வீடு பாத்திட்டினம். பிள்ளையளுக்கு அதே பள்ளிக்கூடம்."

"திருத்த வேலைக்கு என்ன செய்யப் போறாங்க?"

அவர் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு குரல் பதிவை அழுத்திவிட்டு மறுபடியும் கத்தரியை எடுத்தார். தங்கையின் குரல், பின்னணியில் சாமான் இழுக்கும் சத்தம்.

"அண்ணை, வீட்டு இன்சூரன்ஸ்காரன்ரை கடதாசி ஒண்டு இல்லையாம், அதுதான் பிரச்சினை. ரெண்டாம் பக்கத்தைப் பாத்திட்டன். ரெக்கூருக்கு இன்னும் ஐம்பத்தொரு நாள் கிடக்கு."