உறைமண்ணில் போட்ட வேலி

உறைந்த மண்ணில் அலவாங்கு என்கிற கடப்பாரை இறங்கும்போது வருவது மண்ணின் சத்தமே இல்லை. இரும்புச் சட்டியைச் சுவரில் அடித்ததுபோல "டங்" என்று எழும்பி, பிடித்திருப்பவரின் கைகளைத் தோள்வரை உதறிவிட்டுத்தான் அடங்கும். அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்ட திங்கட்கிழமை, அப்பா அலவாங்கைக் கீழே போட்டுவிட்டு, கைகள் இரண்டையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, தான் குத்திய இடத்தைக் குனிந்து பார்த்தார். சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளையாய் ஒரு வடு தெரிந்தது. அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில் அப்பா வேலை செய்தார். கடைக்குப் பின்தெருவில் நான்காம் மாடியில் ஒற்றை அறையில் அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நால்வரும் இருந்தோம். அந்த இலையுதிர் காலத்தில்தான் லெ பிளாங்-மெனில் என்ற புறநகரில் பழைய வீடொன்றை வாங்கியிருந்தோம். தனிவீட்டுக்கு இங்கே சொல்லும் "பவிய்யோன்" என்ற சொல்லைக் கடையில் யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் அப்பா ஒருநாளைக்கு ஒருதரமாவது உச்சரித்துவிடுவார். வீடு சிறியதென்றாலும் சுற்றிவர நிலம் இருந்தது. தெருப்பக்கத்தில் பழைய வேலியின் உக்கிய கட்டைகள் சில பல் விழுந்த வாய்போல நின்றன.

சாவி கிடைத்த அன்றே நாங்கள் எல்லோரும் போனோம். பிறந்ததிலிருந்து கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையிலேயே ஓடப் பழகிய நாலு வயதுத் தம்பி, அவ்வளவு வெறும் நிலத்தைக் கண்டதும், கயிறு அறுத்த கன்றுபோலப் பாய்ந்து, உக்கிய கட்டைகளைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டான். லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. அம்மா அவனை அள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது அவருடைய ஒரு கால் செருப்பைக் காணவில்லை. லாரிக்காரர் ஏசிவிட்டுப் போனதும் அம்மா அப்பாவைப் பார்த்து, "வேலி நிக்காமல் நான் இந்த வீட்டுக்குள்ளை ஒரு சட்டி கொண்டு வரமாட்டன்" என்றார். அம்மா ஒன்றைச் சொன்னால் அது சொன்னதுதான்.

லா ஷப்பல் அறையையோ மாசி முடிவுக்குள் விட்டாக வேண்டும். வேறொரு குடும்பம் காத்திருந்தது. ஆகவே ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நடு மாரிக்குளிரில்தான் எங்கள் வேலி எழும்ப வேண்டியிருந்தது.

திட்டமெல்லாம் கடையில்தான் நடந்தது. தக்காளிப் பெட்டியின் மூடியில் அப்பா வீட்டைச் சதுரமாகக் கீறி, சுற்றிவரப் புள்ளி வைத்தார். முருங்கைக்காய் வாங்க வந்தவர்களெல்லாம் அந்தப் புள்ளிகளுக்கு அபிப்பிராயம் சொன்னார்கள். மரக்கட்டை போடு என்றார் ஒருவர். கம்பிவலை மலிவு என்றார் இன்னொருவர். "வேலி போட யாழ்ப்பாணத்தானுக்கு ஆரும் படிப்பிக்க வேணுமோ?" என்று அப்பா எல்லோரையும் சிரித்தே அனுப்பிவிட்டார். கட்டட வேலைக்கு, இங்கே எல்லோரும் சொல்வதுபோல "சாந்தியே"க்கு, போகிற ராசன் மாமா மட்டும் அப்பாவிடம், "தம்பி, இஞ்சத்தை நிலம் எங்கடை நிலமில்லை, பாத்துச் செய்" என்று சொல்லி, தன் அலவாங்கைத் தந்துவிட்டுப் போனார்.

அப்பா பார்த்துச் செய்யவில்லை. வெயில் தலைகாட்டிய ஒரு நாளில் அலவாங்கால் குத்திக் குத்தி முழங்காலுக்குக் கீழான ஆழத்தில் குழிகள் தோண்டி, முதல் கட்டைகளை நட்டு, "பெத்தோன்" என்று இங்கே சொல்லும் கொங்கிறீட்டைக் குழைத்து ஊற்றினார். அந்தக் கட்டைகளோடு தம்பியை நிறுத்திப் படமும் எடுத்தோம். அடுத்த திங்கள் போய்ப் பார்த்தால் ஒன்று தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. மற்றொன்றை நான் ஒற்றைக் கையால் ஆட்டினேன், அது ஆடியது. குழிக்குள்ளிருந்த கொங்கிறீட்டு பிட்டுப்போல உதிர்ந்தது. ராசன் மாமா வந்து அதை விரலால் நசுக்கிப் பார்த்து, "பெத்தோனுக்கும் குளிரும், தம்பி. இறுகமுந்தி உறைஞ்சிட்டுது. குழியும் காணாது. மேல்மண் உறைஞ்சு வீங்கினால் கட்டையைத் தூக்கி எறிஞ்சுபோடும்" என்றார். அப்பா ஆடிய கட்டைகளைப் பிடுங்கி ஓரமாய்ப் போட்டார். அம்மா உதிர்ந்த கட்டியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப மண்ணைக் குளிரவிடாமல் பாக்கவேணும்" என்றார், குழந்தையொன்றைப் பற்றிச் சொல்வதுபோல.

அன்றிரவே அவர் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். கடையில் எறிகிற சணல் சாக்கு, வாழைப்பழப் பெட்டி, கிழிந்த கம்பளி எல்லாவற்றையும் ராசன் மாமாவின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், குழி தோண்டவேண்டிய இடமெல்லாம் தடிப்பாக விரித்து, மேலே பொலித்தீன் மூடி, கல் வைத்தோம். தொலைக்காட்சியில் வானிலை கேட்டு, எந்த நாட்களில் குளிர் தணியும் என்று தமிழில் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு தெரிந்தவர் யாருமில்லை என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை. அறிவிப்பாளரைவிடவும் உறுதியான குரலில் சொல்வேன்.

ஆனால் அந்தச் சாக்குகள் இன்னொரு வேலையையும் செய்துவிட்டன. தக்காளிப் பெட்டி மூடியில் புள்ளிகளாக இருந்த வேலி, இப்போது நிலத்தில் கோடாக எல்லோருக்கும் தெரிந்தது. இடப்பக்கத்து வீட்டில் தனியே இருந்த மதாம் லூசெட் என்ற முதியவள், மறுமுறை நாங்கள் போனபோது, கம்பளி மேலங்கியின் கீழ் இரவுச்சட்டை தெரிய வெளியே வந்தாள். இரண்டு நிலத்துக்கும் நடுவில், இலை உதிர்ந்து முள்ளும் குச்சியுமாக இடுப்பளவில் ஒரு செடிவரிசை நின்றது. அதை அவள் "குரோசெய்" என்றாள். கோடையில் நெல்லிக்காய்போலப் புளிப்பாய்க் காய்க்கும். எங்கள் சாக்குக்கோடு அந்தச் செடிகளின் மேலேயே போயிருந்தது.

"இதை நானும் என் கணவரும் நட்டோம். இதை வெட்டினால் போலீசைக் கூப்பிடுவேன்" என்றாள். நான் அப்படியே தமிழில் சொன்னேன். "எல்லை அந்தச் செடிக்கும் அங்காலை எண்டு காணி எழுதித் தந்த நொத்தேரே காட்டினவர். விருப்பமெண்டால் கூப்பிடச் சொல்லு" என்றார் அப்பா. அதையும் அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட நான் குறைக்கவில்லை. இருவருடைய கோபமும் என் வாயால் போய்வந்ததில் எனக்கே மூச்சு வாங்கியது.

அப்பா சொன்னது சரி, நிலம் எங்களுடையதுதான். அவர் விட்டுக்கொடுக்காததற்குக் காரணமும் இருந்தது. அவருடைய தகப்பனும் பெரியப்பனும் ஒரு வேலியால் பிரிந்தவர்கள். வேலிக்கு நட்ட கதியாலை நகர்த்தினாய் நகர்த்தவில்லை என்று தொடங்கி, சாகும்வரை ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. "அண்டைக்கு என்ரை அப்பு ஒரு சாண் விட்டவர். பிறகு அவங்கள் கிணத்தையும் கேட்டவங்கள்" என்று அப்பா அந்த வெறும் நிலத்தில் நின்று உரத்துச் சொன்னார். மதாம் லூசெட்டுக்கு அது விளங்காது என்பது அவருக்கு நினைவில் இல்லை.

அப்போதுதான் அம்மா நடுவில் வந்தார். அவர் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. தம்பியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ச் செடிவரிசையின் முன்னால் விட்டு, "போ, ஓடு பாப்பம்" என்றார். அவன் ஓடினான், முள் பிடித்தது, அழுதுகொண்டே திரும்பி வந்தான். அம்மா அவன் விரலைத் துடைத்தபடி, "இஞ்சேருங்கோ, ஊரிலை நாங்கள் கிளுவை நட்டு வேலி எண்டுதானே சொன்னனாங்கள்? இதுவும் வேலிதான். ஆர் நட்டதெண்டு கேட்டோ முள்ளுக் குத்துது? எனக்குப் பயம் தெருப்பக்கம். இந்தப் பக்கத்துக்கு வாங்கின பலகையையும் தெருவுக்குப் போடுங்கோ" என்றார்.

அப்பா செடிகளுக்குக் கிட்டப் போய் ஒரு முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிலத்தைக் காலால் ஒருமுறை தட்டிவிட்டு என்னிடம், "இந்த வரிசை அவவின்ரையுமில்லை, எங்கடையுமில்லை, வேலி எண்டு சொல்லு. ஒருத்தரும் வெட்டேலாது எண்டும் சொல்லு" என்றார். நான் சொன்னேன். மதாம் லூசெட் நம்பாமல் இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். சொன்னதும், தன் இரவுச்சட்டையோடு நிற்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் செடிகளின் மேல் கிடந்த சாக்குகளை எடுத்துத் தெருப்பக்கத்துக்குக் கொண்டுபோனோம். சற்று நேரத்தில் அவள் பழைய கம்பளங்கள் இரண்டைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சாக்குக் குவியலில் போட்டாள்.

குளிர் தணிந்த ஒரு வாரத்தில் சாக்குகளை விலக்கினோம். கீழே மண் கறுப்பாக, ஈரமாக, இளகிக் கிடந்தது. அலவாங்கு சத்தமில்லாமல் இறங்கியது. அப்பாவும் ராசன் மாமாவும் என் இடுப்பளவுக்குக் குழி தோண்டினார்கள். அடியில் சல்லி போட்டு, கட்டையை நிறுத்தி, மதியத்துக்கு முன் கொங்கிறீட்டை ஊற்றி, உடனே சாக்கும் கம்பளமும் சுற்றிக் கட்டினோம். போர்வை போர்த்திய கட்டைகள் தெருவோரம் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் போகிறவர்கள் சிரித்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்துத் திருப்பிச் சிரித்தார். அடுத்த கிழமை போர்வையை அவிழ்த்து, அப்பா முழு உடம்பையும் சாய்த்து ஒவ்வொரு கட்டையாகத் தள்ளிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. பலகை அடித்து, வாசல் படலைக்குக் கொழுக்கியைத் தம்பிக்கு எட்டாத உயரத்தில் பூட்டியபிறகு, அம்மா லா ஷப்பலிலிருந்து முதல் பெட்டியைக் கட்டினார். அதற்குள் இருந்தது பால் காய்ச்சும் சட்டி.

அந்தச் செடிவரிசைக்கு மேலால் பல வருடங்கள் எத்தனையோ போய்வந்தன: கோடையில் மதாம் லூசெட்டின் ஜாம் போத்தல்கள், தைப்பொங்கலுக்கு எங்கள் சர்க்கரைப் பொங்கல், அவளுக்குச் சளி பிடித்தால் அம்மாவின் மிளகுரசம். அம்மாவுக்குப் பிரெஞ்சும் அவளுக்குத் தமிழும் கடைசிவரை வரவில்லை. இருவரும் இடுப்பளவு முள்ளுக்கு இரு பக்கமும் நின்று அரைமணி நேரம் கதைப்பார்கள். என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டதே இல்லை.

இப்போது நான் மறுபடியும் லா ஷப்பலில்தான் இருக்கிறேன், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அப்பாவின் மரக்கறிக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். மதாம் லூசெட் இல்லை. அவளுடைய வீட்டை வாங்கிய இளம் தம்பதிகள், செடிகள் நோய் பிடித்துக் காய்ந்துபோனதும் வேரோடு பிடுங்கிவிட்டு, முறைப்படி எங்களிடம் கேட்டு, ஆள் உயரத்துக்குச் சாம்பல்நிறத் தடுப்பு போட்டார்கள். நேரான, நல்ல வேலிதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. போன ஞாயிறு நான் போனபோது, அம்மா அந்தத் தடுப்புக்கருகில் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி, ஒரு தட்டு வடையை மேலால் நீட்டியபடி, தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லை உரத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்: "மதாம்! மதாம்!" தடுப்புக்கு அப்பால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.