தவிட்டுக்கு விற்ற பிள்ளை

முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் எனக்குத் தங்கவில்லை. அதனால் மூன்றாவது பெண் பிறந்ததும் எங்கள் வழக்கப்படி அவளை விற்றுவிட்டோம். முறத்தில் போட்டு வாசலில் வைத்தோம். அடுத்த வீட்டு அக்கா தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். அவள் பெற்றதெல்லாம் குத்துக்கல் மாதிரி இருந்தன, ராசியான கை. காது குத்துகிறவரை வெளி ஆள் யார் கேட்டாலும் நான் என் பிள்ளை என்று சொல்லக் கூடாது. சொன்னால் எமனுக்குத் தெரிந்துவிடும். பால் மட்டும் கொடுக்கலாம்.

ஆம்பூரில் எங்களுடையது தோல் பதனிடுகிற ஷாப்பை ஒட்டிய தெரு. ஆண்கள் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்கள். பச்சைப் பிள்ளைகள் அதிகம் சாகிற தெரு என்று பேரெடுத்திருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா வாரந்தோறும் ஜட்காவில் வந்து வீடு வீடாகப் பார்க்க ஆரம்பித்தார். வெள்ளைச் சேலை, கையில் தோல் பை.

"இது யாரு குழந்தை?" என்று கேட்டார்.

"என்னுதுதாம்மா. எனக்குப் பால் வத்திப் போச்சு. இதோ, பக்கத்து வூட்டுப் பொண்ணு குடுக்குது" என்றாள் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

என் ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நர்ஸம்மாவின் முக்காலி அக்காவின் எதிரேதான். கழுத்தைத் தாங்கிப் பிடிப்பது எப்படி, தண்ணீரைக் காய்ச்சி ஆற வைப்பது எப்படி, மூக்கில் எண்ணெய் ஏன் விடக் கூடாது, எல்லாம் அவளுக்குத்தான். "நீ நல்ல அம்மா" என்று அவள் தோளில் தட்டுவார். என் பக்கம் திரும்பினால், "பால் குடுக்கறதுக்கு முன்னாடி அவளை நல்லாக் கழுவிக்கச் சொல்லு" என்பார். என்னிடம் இல்லை, அக்காவிடம்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கதவோரம் நின்று ஒன்று விடாமல் பார்த்தேன். அவள் எங்கே தப்புச் செய்வாள் என்றுதான் பார்த்தேன்.

அக்காவுக்கும் தலைகால் புரியவில்லை. நர்ஸம்மா வருகிற நாளில் விடிந்ததுமே என் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். "எங்க பாப்பாவுக்கு அம்மா சோப்பு குடுத்தாங்க" என்று குழாயடியில் பீற்றிக்கொள்வாள். எங்க பாப்பாவாம்! எனக்கு உதவத்தான் அவள் வாங்கினாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் எரிந்தது.

கோடையில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நர்ஸம்மா வந்து கண்ணையும் உச்சிக்குழியையும் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி அக்காவிடம் கேட்டார்:

"இவளோட சொந்தப் பிள்ளைங்க எங்கே?"

"ரெண்டும் தவறிப் போச்சும்மா."

அவர் முகம் மாறிவிட்டது. "முன்னாடியே ஏன் சொல்லல? ரெண்டைப் பறிகொடுத்தவ பாலையா குடுக்கறே? அவ உடம்புல என்ன சீக்கோ. இன்னையோட நிறுத்து. பசும்பாலைக் காய்ச்சிக் குடு."

அக்கா என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சொன்னால் பிள்ளை போய்விடும். சொல்லாவிட்டால் என் பாலும் போய்விடும், நாளைக்கு என்னைத் தொடவே விடமாட்டார்கள். எமனா, அக்காவா என்று யோசித்து நிற்க எனக்கு நேரமில்லை.

"அது என் பிள்ளம்மா! நான் பெத்தது! தவுட்டுக்கு வித்துட்டோம்!"

"பாவி, சொல்லிட்டியேடி" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு முக்காலியை இழுத்து என் எதிரே போட்டார். "பால நிறுத்தாதே. அடிக்கடி குடு. முதல்ல பிள்ளைய கழுவணும், வா, சொல்லித் தர்றேன்."

அவர் சொல்லுமுன்பே நான் கையைக் கழுவியிருந்தேன். முழங்கையால் தண்ணீரின் சூடு பார்த்தேன். கழுத்துக்கடியில் கை கொடுத்துத் தொட்டியில் இறக்கினேன்.

"இதெல்லாம் உனக்கு யாரு கத்துக் குடுத்தது?"

"நீங்கதாம்மா. அக்காவுக்கு."

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதற்கப்புறம் முக்காலி என் வீட்டில்தான். கதவோரம் நின்று பார்க்கிற முறை அக்காவுடையதாயிற்று. அவள் முகம் சுண்டிப் போவதைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

என் மகள் இப்போது திருப்பத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வரும்போதெல்லாம் தெருமுனையிலிருந்தே "அம்மா" என்று கூப்பிடுவாள். இரண்டு வீட்டிலிருந்தும் "இன்னாடி" என்று குரல் போகும். அக்காவுக்கு வயதாகிவிட்டது, எழுந்திருக்க நேரமாகும். நான் பொறுத்திருப்பதில்லை. அவள் எழுவதற்குள் வாசலுக்குப் போய்விடுவேன்.