ஓடையில் அம்மா எடுத்த ஞானஸ்நானம்

எனக்குக் கோவையாக எழுத வராது. பலதும் மறந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று கம்பம்மெட்டுச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர்களின் ஈரத்துணி வாடை வந்ததும் அந்த ஏலத்தோட்டத்து ஓடை நினைவுக்கு வந்தது.

அப்போது எங்கள் சபையில் நகை போட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது. அம்மா கம்மலைக் கழற்றிவிட்டாள், தாலியைக் கழற்றவில்லை.

“கட்டுனவுகளே கழட்டச் சொல்லல. நீங்க ஏன் பாஸ்டரே சொல்லுறீக?” என்றாள். அப்பா சபைக்கு வராதவர்.

தோட்டத்தில் மருந்தடிப்பவர்தான் எங்கள் பாஸ்டர். மேலே கேட்க பிஷப் கிடையாது. அவரும் சபை மூப்பர்கள் இருவரும், தாலியோடு கொடுக்கலாமா என்று கர்த்தரிடமே கேட்டு, கரையிலேயே முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்ற அம்மாவுக்குப் பல் தந்தியடித்தது.

“சீக்கிரம் கேளுங்கய்யா, வெறச்சே பரலோகம் போயிருவேன்!”

பாஸ்டர் சிரித்துவிட்டார். “வாங்கக்கா” என்று தண்ணீரில் இறங்கி, தாலியோடேயே முக்கி எடுத்தார்.

அதன்பிறகு எங்கள் சபையில் எந்தப் பெண்ணிடமும் தாலியைக் கழற்றச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.