மரத்துப் போகாத பல்

என் கணவர் ராயபுரத்தில் ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசித்தவர். பகலில் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. சாயந்திரமானால் மாதா கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம், சாவு. மூலக்கொத்தளம் இடுகாடு வரை பிணத்துக்கு முன்னால் வாசித்துக்கொண்டே நடந்துபோய்விட்டு வந்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். உதட்டின்மேல் அவருக்கு அவ்வளவு கவனம். அதற்குப் பின்னால் இருந்த பற்களைத்தான் விட்டுவிட்டார்.

கல்யாணமான புதிதில் எனக்குக் காரணம் தெரியாது. பல் வலித்தால் கிராம்பை நசுக்கி வைப்பார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவார். "டாக்டராண்ட போலாம்யா" என்றால், "அத்த மட்டும் பேசாத" என்று எழுந்து வெளியே போய்விடுவார்.

ரொம்ப நாள் கழித்து அவராகவே சொன்னார். வாலிப வயதில் கடைவாய்ப் பல் வீங்கி, ஒரு பல் டாக்டரிடம் போயிருக்கிறார். ஊசி போட்டிருக்கிறார்கள். மரத்துப் போகவில்லை. இடுக்கி பல்லைப் பிடித்ததுமே அலறியிருக்கிறார். "வலியெல்லாம் இருக்காது, அழுத்துறதுதான் அப்படித் தெரியுது" என்று டாக்டர் சொல்ல, இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, பிடுங்கிவிட்டார்கள்.

"நான் வலிக்குதுன்றேன், அந்தாளு வலிக்கலன்றான். என் வாயி மே இது. எனக்குத் தெரியாதா?" என்றார். அப்போது அவர் குரலில் இருந்தது பயமில்லை, அவமானம்.

வருடங்கள் போயின. மேல்வரிசை முன்பற்கள் இரண்டு கறுத்தன. பிறகு ஆடின. டிரம்பெட்டை வாயில் வைத்து அழுத்தினால் வலி மண்டைக்கு ஏறும். உச்ச ஸ்வரங்களைக் குழுவிலிருந்த இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய ஒரு தபசு காலத்தில் கன்னம் வீங்கி, கஞ்சி குடிக்கவும் வாய் திறக்க முடியாமல் போனது. நான் அழுததைப் பார்த்துத்தான் ஷேர் ஆட்டோவில் ஏறினார். திருவொற்றியூரில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, முன்பு ஊசி போட்டபோது என்ன ஆனது என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்தபடி பழைய கதையைச் சொன்னார்.

"அன்னைக்கு உங்களுக்கு வலிச்சது நிஜம்தான் ஐயா. சீழ் வச்சிருந்தா மருந்து சரியா பிடிக்காது. அதனாலதான் இன்னைக்கும் நான் பல்லைத் தொடப் போறதில்ல. முதல்ல வீக்கம் வத்தட்டும். கண்ணுப் பக்கம் ஏறினா மட்டும் காத்திருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

இவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இவர் சொன்னதை ஒரு டாக்டர் நம்பியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் வீக்கம் வடிந்ததும் மறுபடி போனோம். பிரஷர் பார்த்தார்கள். ஈறில் ஒரு களிம்பு தடவி, கொஞ்சம் காத்திருந்து, ஊசியை மெல்ல மெல்ல ஏற்றினார் டாக்டர். மருந்தை விடுமுன் சற்றுப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். மரத்ததா என்று கூரான கருவியால் ஈறைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"கொஞ்சம் வலிச்சாலும் இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன்."

பாதியில் இவர் கையைத் தூக்கினார். டாக்டர் நிறுத்தினார். "வலிக்குதா?" இல்லை என்று தலையசைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தூக்கினார். மறுபடியும் நிறுத்தினார். சோதித்துப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. டாக்டருக்கும் புரிந்திருக்க வேண்டும். "எத்தனை தடவை வேணும்னாலும் தூக்குங்க" என்றார்.

ஆடிய பற்கள் இரண்டும் கழன்று வந்துவிட்டன. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வாயில் பஞ்சோடு, தோள் குலுங்க அழுதார். நான் பதறிப்போய் முதுகைத் தடவினேன்.

"வலி இன்னா கீது, ஒண்ணுமில்ல மே. அதான் பேஜாரா கீது" என்று குழறினார்.

பல் கறுக்க ஆரம்பித்தபோதே வந்திருந்தால் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை நான் இவரிடம் சொல்லவில்லை. அவரே ஊகித்திருப்பார்.

பல் செட்டு வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தார். ஊதினால் செட்டு நகர்ந்தது, சத்தம் பிசிறடித்தது. சில வாரம் முயன்றுவிட்டு, டிரம்பெட்டைக் குழுவில் இருந்த ஒருவருக்கே கொடுத்துவிட்டார்.

போன வருடம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். ஊர்வலத்தில் அதே குழுதான் வாசித்தது. இவர் வேட்டி சட்டையில் அவர்களோடு கை வீசிக்கொண்டு நடந்தார். கோயில் வாசலில் எல்லோரும் உள்ளே போன பிறகு என்னிடம் சொன்னார்: "அந்தாளு அன்னிக்கு நான் கத்தனப்போ ஒரு நிமிசம் நிறுத்தியிருந்தா போதும் மே."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே பூசை தொடங்கிவிட்டது.