மாதாவின் இடது காது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். அரியலூரில் மார்பிள் சிலைப் பட்டறை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க சாமிகளின் மூக்கைத் தேய்க்கிறவனுக்கு என்ன பயம் வரும்? ஆனாலும் இதைச் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பாடாலூர்ப் பக்கம் ஒரு மாதா கோயிலுக்கு, இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதா சிலை கேட்டார்கள். ரோமில் இருக்கிறதே, உலகமே போய்ப் பார்க்கும் சிலை, அதைப் போலவே வேண்டுமாம். போட்டோவைக் கொடுத்த பங்குச்சாமியார் ஒரு விஷயமும் சொன்னார். அதைச் செதுக்கிய இத்தாலிக்காரருக்கு ஆறு வயதில் அம்மா செத்துப்போனாளாம், கல் வெட்டுகிறவர் வீட்டில் பால் குடித்து வளர்ந்தவராம், அதனால்தானோ என்னவோ மாதா முகம் மகனைவிட இளசாக இருக்கிறது என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா போனபோது எனக்கும் ஆறு வயதுதான். அப்பாவுக்கு ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற வேலை. வீட்டிலிருந்த அம்மாவின் ஒரே போட்டோவையும் அவள் நெஞ்சின் மேல் வைத்தே புதைத்துவிட்டார். அவளைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்கமாட்டார். எனக்கு அவள் முகம் நினைவில்லை. நாற்பத்தைந்து வயதிலும் அது தீராத தவிப்பு.

முகத்தில் உளி வைத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். சாமியார் கொடுத்த போட்டோவில் முக்காடு மாதாவின் காதை மூடியிருக்கிறது. நானோ, நம் ஊர்ப் பெண்கள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக் காதுக்குப் பின்னால் செருகுவார்களே, அப்படிச் செதுக்கித் தொலைத்துவிட்டேன். சரி, ஆனது ஆகட்டும் என்று இரண்டு காதையும் ஒழுங்காக முடித்து, ஈரச் சாக்கைப் போர்த்தி, பட்டறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன். பட்டப்பகல், சாவி என் இடுப்பில்.

திரும்பி வந்து சாக்கை எடுத்தால், இடது காதில் தோடு போடுகிற இடம் கீழே வரை பிளந்திருந்தது. நம்பினால் நம்புங்கள், கீழே கிடந்த தூளையெல்லாம் சலித்துப் பார்த்தேன், ஒரு சில்லு கிடைக்கவில்லை. பிளவைத் தடவினால் வழவழவென்று இருந்தது, ஆறிப்போன பழைய காயம் மாதிரி. எரிச்சலோடு அடைப்பதற்குப் பசையும் கல்தூளும் குழைத்தேன். அந்த நேரம் பார்த்து, பட்டறைப் பக்கமே வராத அப்பா வாசலில் வந்து நின்றார்.

“அதுல கை வைக்காதடா” என்றார்.

“ஏம்ப்பா?”

“ஒங்கம்மாடா அது. மொகமும் அவதான். கைப்புள்ளையா இருக்கையில நீதான் தோட்டப் புடிச்சி இழுத்துக் காதக் கிழிச்சிட்ட. கடைசி வரைக்கும் அவ தைக்கவே வுடல. ஒனக்கு யாருடா சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்து வாய்விட்டு அழுதேன்.

சிலை இப்போது அந்தக் கோயிலில் இருக்கிறது, காதை நான் அடைக்கவில்லை. அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஆனால் ஒன்று. அவள் முன்னால் நிற்கும்போதெல்லாம் என் வலது கை தானாக இறுக மூடிக்கொள்கிறது, உள்ளே தோட்டின் திருகு குத்துகிற மாதிரி வலிக்கிறது. விரித்தால் ஒன்றும் இருக்காது, கல்தூள் மட்டும் ஒரு சிட்டிகை ஒட்டியிருக்கும். நான் உளியைத் தொடாத நாளிலும்.