ஐஸில் கலங்கிய எண்ணெய்

எழுபத்து நான்காம் ஆண்டில் யோகமலர் திருகோணமலையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவினாள். தற்காலிக வேலைதான். இரசாயனவியலாளர் காசிநாதர் சோயா, சிறகவரை எண்ணெய்களில் என்னென்ன கொழுப்பமிலங்கள் உள்ளன என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மனுசன் மகா பிடிவாதக்காரர். பெயர் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயுமாம். போத்தலில் இலக்கம் மட்டுமே இருக்க வேண்டும். எந்த இலக்கம் எந்த விதை என்ற பட்டியல் யோகமலரின் பொறுப்பில் இருந்தது.

ஒருநாள் போத்தல்களைத் துடைக்கையில் எண்ணெய் ஊறிய இரண்டு லேபல்களும் கழன்று விழுந்தன. அவள் ஒரு குத்துமதிப்பில் திரும்ப ஒட்டிவிட்டாள்.

மறுவாரம் காசிநாதர் இரண்டு போத்தல்களையும் ஐஸ் பெட்டியில் வைத்துக் காட்டினார். இறுகும் கொழுப்பமிலங்கள் கூடிய எண்ணெய் குளிரில் கலங்கும். சிறகவரைதான் கலங்க வேண்டும். கலங்கி நின்றதோ பட்டியலின்படி சோயா.

"யோகமலர், இலக்கம் மாறயில்லைத்தானே?"

வீட்டில் கணவன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"இல்லை சேர்."

அவர் அவளை நம்பி அறிக்கையில் கையெழுத்திட்டார். மேலிடத்தில் சிரித்தார்கள், பிறகு விசாரணை வைத்தார்கள். கவனயீனம் என்று காசிநாதரின் வேலை போனது. நான்கு வருடத்தில் ஆளும் போய்ச் சேர்ந்தார். யோகமலருக்கு வேலை நிரந்தரமானது. ஆனால் துறைமுகத்தடியில் மீன் பெட்டிக்கு யாராவது ஐஸ் உடைத்தால் போதும், அந்தக் கேள்வி காதருகே கேட்கும். அவள் வாய் தன்பாட்டில் "இல்லை சேர்" என்று முணுமுணுக்கும். பயந்து பயந்தே ஏழு வருடம் ஓட்டினாள்.

கணவனும் இறந்த பிறகு, ஒரு காலை காசிநாதரின் மனைவி சிவகாமிப்பிள்ளையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். சிவகாமிப்பிள்ளை கோபிக்கவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து விரித்தார்.

விசாரணைக்கு முதல்நாள் காசிநாதர் புதிதாக விதை பிழிந்து, மறுபடி ஐஸில் வைத்துப் பார்த்திருக்கிறார். கீழே அவர் கையெழுத்து: 'இலக்கங்கள் மாறியுள்ளன.' அந்தக் கொப்பியை அவர் விசாரணைக்குக் கொண்டுபோகவேயில்லை.

"இதைக் காட்டினா உங்கட வேலை போயிடும் எண்டவர்," என்றார் சிவகாமிப்பிள்ளை. "ஆனா ஒருநாளைக்கு நீங்களாவே வந்து சொல்லுவீங்கள் எண்டு கடைசிமட்டும் வாசல் படலையைப் பாத்துக்கொண்டிருந்தவர்."