பொய்யே பேசாத டிரைவர்

டிப்போவில் அவருக்கு அன்னம் என்று பெயர். அவர் ஓட்டினால் பஸ் அன்னநடை போடும் என்பதால் சக டிரைவர்கள் வைத்த பெயர். அவர் வண்டியில் நின்றுகொண்டே தூங்கலாம் என்று பயணிகள் சொல்வார்கள். அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லையென்று சொல்லக்கூடாது.

யானைக்கும் அடி சறுக்குமே. ஒரு மழைநாளில் சைக்கிள்காரர் ஒருவர் வழுக்கி பஸ்ஸுக்கு நேர் முன்னால் விழுந்தார். அன்னம் மிதித்த மிதியில் பஸ் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. விழுந்தவர் எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, இவரிடமே மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்னத்தால்தான் போக முடியவில்லை. மறுநாளிலிருந்து குறுக்கே ஒரு காகிதம் பறந்தாலும் பிரேக். நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்தார்கள். கண்டக்டர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "அண்ணே, அந்தக் காகிதத்துக்கும் டிக்கெட் கிழிக்கணுமா?"

விஷயம் மேலே போயிற்று. அன்னத்தை இறக்கி, பஸ் கழுவுகிற இடத்தில் மேற்பார்வைக்கு உட்கார வைத்தார்கள். மனநலப் பரிசோதனையில் தேறினால் மறுபடி ஸ்டியரிங். தேறாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை குழாயடிதான்.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்ப்பவர். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குத் தனித் தெம்பு வந்துவிடும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே புருஷனைத் தயார் செய்தார்.

"கோபம் வருமான்னு கேப்பாங்க. வராதுன்னு சொல்லணும்."

"வருமே."

"வராது. தூக்கம் வருதா?"

"எங்க வருது?"

"நல்லா வருது. படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறீங்க. புரியுதா?"

"பயம் இருக்கான்னு கேட்டா?"

கத்தி ஒரு கணம் நின்றது. "பயம்னா என்னன்னே தெரியாதுன்னு சொல்லுங்க," என்றார் அந்த அம்மாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

பரிசோதனை அறை ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம் மேலே வரை கேட்டது. சோதிக்க வந்த பெண்ணுக்கு அன்னத்தின் மகள் வயதுதான் இருக்கும். மைக்கறை மாதிரி ஒரு படத்தை நீட்டி, "இதைப் பார்த்தா என்ன தோணுது சார்?" என்றாள்.

அன்னம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எஞ்சின் ஆயில் லீக் ஆகுது மேடம்."

அடுத்த படம்.

"இதுவும் அதே வண்டிதான். உடனே கவனிக்கணும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டாள். சிரிக்கிறாளா, குறிக்கிறாளா என்று தெரியாமல் அன்னத்துக்கு வியர்த்தது. அடுத்து கேள்வித்தாள். அதில் ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை': ஆம். 'யார்மேலும் எனக்கு எரிச்சல் வந்ததில்லை': ஆம். 'நான் யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை': ஆம். சற்றுமுன்தான் வெளியே வரவேற்பில் இருந்தவரிடம் டிப்போ மேனேஜரைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு வந்திருந்தார். அதெல்லாம் புறம் பேசுவதில் சேருமா என்ன? மேனேஜரின் முகத்துக்கு நேரேயும் சொல்லக்கூடியவர்தான், தைரியம் இருந்தால்.

அவள் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சார், அரிச்சந்திரனே உங்ககிட்ட டியூஷன் படிச்சிருக்கணும் போலிருக்கே."

அன்னம் அடக்கமாகச் சிரித்தார்.

"பாராட்டலை சார். பொய் சொல்றாங்களான்னு கண்டுபிடிக்கவே இதுல சில கேள்வி வச்சிருக்கோம். நீங்க ஒண்ணுகூட விடாம மாட்டியிருக்கீங்க. இதை வச்சு நான் சர்டிபிகேட் தர முடியாது."

போச்சு, குழாயடி நிரந்தரம் என்று அன்னம் நினைத்தார். மனைவியின் மேல் கோபமாக வந்தது. கோபமே வராது என்று குறித்தது ஞாபகம் வந்து அதையும் அடக்கிக்கொண்டார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மேடம். மழை. முன்னாடி ஒருத்தர் சைக்கிள்ல போறார். நான் மெதுவாத்தான் வர்றேன். திடீர்னு சைக்கிள் சாயுது..."

செருப்பு தரையில் கிறீச்சிட்டது. அவள் குனிந்து பார்த்தாள். மேஜைக்கு அடியில் அன்னத்தின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வந்தவருக்கு ஒற்றைக் காலை மறைக்கத் தெரியவில்லை.

"பிரேக்கா சார்?" என்றாள் மெல்ல.

அன்னம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கீழே பல் குடைவது நின்றிருந்தது.

"பயமா இருக்கு மேடம். அவர் எழுந்து போனதை நானே பார்த்தேன். ஆனா கண்ணை மூடினா, எழுந்திருக்கவே மாட்டேங்கறார்."

அவள் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு புதுத் தாள் ஒன்றைக் கொடுத்து, "வீட்ல சொல்லிக் கொடுத்ததை விட்டுட்டு எழுதுங்க," என்றாள். இந்தத் தடவை எரிச்சல் பற்றிய கேள்விக்கு அன்னம் பேனா அழுந்த 'இல்லை' என்று குறித்தார், மேனேஜரை நினைத்துக்கொண்டு.

"பாஸா?" என்றார் மனைவி வாசலிலேயே.

"ஃபெயில் ஆகி, பாஸ் ஆகற மாதிரி இருக்கு. பயம் இருக்குன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நாள் அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டு வரணுமாம். அப்புறம் காலி பஸ். அது சரியா வந்தா ஆள் ஏத்தலாமாம்."

சொல்லிக்கொடுத்த வாத்தியாரம்மா சட்டென்று உள்ளே போய்விட்டார்.

காலி பஸ் ஓட்டுகிற நாள் வந்தது. டிப்போ மைதானத்தில் அன்னம் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தால், கண்ணாடியில் மனைவி. பின் சீட்டில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"நீ எங்க இங்க? காலி பஸ்தான் ஓட்டணும்."

"மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். என்னை ஆள் கணக்குல சேர்க்க வேணாம்னு சொல்லிட்டேன். ஓட்டுங்க."

பஸ் நகர்ந்தது. கழுவுகிற இடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை கிளம்பி நேரே குறுக்கே பறந்தது. அன்னத்தின் கால் தூக்கிக்கொண்டது. பெடலுக்கு மேலேயே நின்று நடுங்கியது. இறங்கவில்லை. பை அதுபாட்டுக்குப் போயிற்று.

அன்னம் பெருமையோடு கண்ணாடியைப் பார்த்தார். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். வலது காலால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தூக்கம் வருதா உனக்கு?"

"எங்க வருது?" என்றார் கண்ணைத் திறக்காமலே. "அன்னிக்கு நீங்க நனைஞ்சு வந்து நின்னதுலேருந்து வரலை."

அன்னம் வண்டியை மரத்தடிக்குக் கொண்டுபோய், பிரேக்கை மிதித்ததே தெரியாமல் மிதித்தார். எஞ்சினை அணைத்தார். எழுந்து பின்னால் வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டி நின்னாச்சு. காலை எடு," என்றார்.